பாராபெனைத் தேடும் கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு தெரிவதில்லை

தோல் மருத்துவரிடம் வருகிறவர்கள் இப்போதெல்லாம் தயாராகத்தான் வருகிறார்கள். ஷாம்பூ பாட்டிலின் பின்பக்கத்தைப் போனில் படம்பிடித்து, பெரிதாக்கிக் காட்டி, "இதுல பாராபென் இருக்கு, சல்பேட் இருக்கு, போடலாமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அப்படிக் கேட்பவரின் நெற்றியில், பொட்டு ஒட்டும் இடத்தில் வட்டமாகத் தோல் வெளுத்திருக்கும். அதைப் பற்றிக் கேட்க மாட்டார். கூட வந்த கணவருக்கு டை அடித்து அடித்துக் காதோரம் கறுத்திருக்கும். வயதானால் வருவதுதானே என்று அவர் விட்டிருப்பார். நான் பார்த்தவரை, மக்கள் பயப்படும் ரசாயனமும் அவர்களை என் அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ரசாயனமும் பெரும்பாலும் வேறு வேறு.

முதலில் பாராபென் விஷயத்தை முடித்துவிடலாம். க்ரீமிலும் ஷாம்பூவிலும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். அதைத் தடுக்கச் சேர்ப்பதுதான் பாராபென். 2004-ல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டிகளின் மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பாராபென் இருந்ததாக எழுதினார்கள். கட்டி இல்லாத திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல அது. கட்டிக்குக் காரணம் பாராபென்தான் என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. செய்தி மட்டும் 'பாராபென் என்றால் புற்றுநோய்' என்று ஊர் சுற்றியது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போல மிக மெலிதாக வேலை செய்யக்கூடியவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் சில வகை பாராபென்களைத் தடை செய்தது, சிலவற்றின் அளவைக் குறைத்தது. மெத்தில், எத்தில் பாராபென்களுக்கு இன்றும் 0.4 சதவீதம் வரை அனுமதி உண்டு. ஒவ்வாமைக் கணக்கில் பார்த்தால் பாராபென் பரம சாது. ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளைத் தேர்ந்தெடுத்து எச்சரிக்கும் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம், 2019-ல் வழக்கத்தை மாற்றி, 'ஒவ்வாமை தராத பொருள்' என்று பாராபெனை அறிவித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாராபெனை விரட்டிய இடத்துக்கு வந்து உட்கார்ந்தவற்றில் ஒன்று மெத்தில் ஐசோதையசோலினோன். ஐரோப்பாவில் 2005 முதல் அழகுப் பொருள்களில் அதைத் தனியாகச் சேர்க்க அனுமதித்தார்கள், பத்து லட்சத்தில் 100 பங்கு வரை. குழந்தையைத் துடைக்கும் ஈரத் துணி, க்ரீம், ஷாம்பூ என்று எல்லாவற்றிலும் நுழைந்தது. சில வருடங்களிலேயே தோல் மருத்துவர்களிடம் கூட்டம் கூடியது. 2013-ல் அதே அமெரிக்கச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க வேண்டி வந்தது. பூசி அப்படியே விடும் பொருள்களில் 2017-ல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருள்களுக்கு 15 பங்கு என்று வரம்பைச் சுருக்கியது. பெட்டியில் 'பாராபென் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அதற்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, நெற்றிக்கு வருவோம். ஸ்டிக்கர் பொட்டின் பின்னால் இருக்கும் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் இருக்கலாம். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். அது செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் போதும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனினைத் தயாரிக்கின்றன. இந்தப் பீனாலின் அமைப்பு டைரோசினைப் போலவே இருப்பதால் அந்த செல்லின் நொதி ஏமாந்துபோய் இதையும் எடுத்து மாற்றப் பார்க்கிறது. அப்போது உண்டாகும் நச்சு, செல்லையே கொன்றுவிடுகிறது. அதனால்தான் பொட்டு எந்த அளவோ அதே அளவில், அதே வடிவத்தில் வெள்ளை விழுகிறது. முதலில் கொஞ்சம் அரிக்கலாம், சிவக்கலாம். பலருக்கு அந்த அறிகுறிகூட இருக்காது.

ரப்பர் செருப்பின் வார் படும் இடத்தில் பாதத்தில் விழும் வெள்ளைக்கும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான் பல நேரங்களில் காரணம். வெள்ளையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் பதறிப்போய், பெண்ணுக்கு வெண்புள்ளி வந்துவிட்டது, வரன் பார்ப்பதை என்ன செய்வது என்று அழுதுகொண்டு வருவார்கள். பொட்டை நிறுத்தியதும் சிலருக்கு நிறம் திரும்புகிறது, சிலருக்கு மருந்து வேண்டியிருக்கிறது, சிலருக்கு அப்படியே நின்றும் விடுகிறது. சிலருக்குப் பொட்டு படாத இடங்களுக்கும் பரவுவதுண்டு. ஆகவே சீக்கிரம் நிறுத்துவது முக்கியம். வெளுக்கத் தொடங்கியபின், அதை மறைக்கப் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் விபரீதம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பசை எதனால் ஆனது என்று பெரும்பாலும் இருக்காது. ஷாம்பூ பாட்டிலாவது பேசுகிறது!

"அப்போ குங்குமத்துக்கு மாறிடட்டுமா?" என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய குங்குமம் என்றால் பரவாயில்லை. கடைப் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் சாயம் ஏற்றியது, வாசனையும் சேர்த்தது. அசோ எனப்படும் செயற்கைச் சாயங்களில் சில, அரிப்பைவிடக் கருமையைத்தான் அதிகம் தரும். நெற்றி நடுவிலும் வகிட்டிலும் சாம்பல் கலந்த கறுப்பு படியும். அப்புறம், மஞ்சளுக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

இயற்கை என்றால் பயமில்லை என்பவர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்வதுண்டு. அங்கே கானெபோ என்ற பெரிய கம்பெனி, ரோடோடெண்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம்களை விற்றது. அந்தப் பொருள் சில மரங்களில் இயற்கையாகவே இருப்பது. அரசு அனுமதியும் கிடைத்திருந்தது. பூசியவர்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் விழ, 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பல ஆயிரம் பேர். நடந்தது நம் பொட்டுப் பசை செய்யும் அதே வேலைதான்: டைரோசினைப் போல வேஷம் போட்டு நிற செல்லுக்குள் நுழைந்த பீனால்.

தலைக்கு அடிக்கும் டைதான் என் அறையில் முதலிடம். பாரா பினைலின் டையமின், சுருக்கமாக பிபிடி, மிகச் சிறிய மூலக்கூறு. முடிக்குள் நுழைந்தபின் பெராக்சைடோடு சேர்ந்து பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் தலைக்குக் குளித்தாலும் கறுப்பு போவதில்லை. மாறி முடிக்காத மிச்சம் தலைத்தோலுக்குள் போவதுதான் சிக்கல். நன்றாகச் சாயம் ஏறி, அலசி முடித்த முடியால் ஒவ்வாமை வருவது அரிது.

"பத்து வருஷமா இதே டைதான் டாக்டர், ஒண்ணும் ஆனதில்ல" என்பது நான் அதிகம் கேட்கும் வசனம். ஒவ்வாமை வருவதே அப்படித்தான். உடம்பு ஒரு பொருளை எதிரியாகக் குறித்துக்கொள்ள வருடங்கள் ஆகலாம். குறித்துக்கொண்டபின் மறப்பது அபூர்வம். டை அடித்த ஒன்றிரண்டு நாளில் இமை வீங்கும், காதோரம் நீர் வடியும், மீசைக்கு அடித்தவருக்கு உதடு தடிக்கும். இது பரவாயில்லை, காரணம் உடனே தெரிந்துவிடும். இன்னொரு வகை சத்தமில்லாமல் வரும். வீக்கமோ நீரோ இருக்காது. நெற்றியோரமும் கன்னமும் கழுத்தும் மாதக்கணக்கில் மெல்லக் கறுக்கும். அதை மங்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

'ஹெர்பல்', 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் இந்த பிபிடி இருக்கலாம். மருதாணி இலை தரும் நிறம் செம்மண் நிறம்தான். கலந்து வைத்துக் கொஞ்ச நேரத்தில் மையாகக் கறுக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. திருவிழாவிலும் மாலிலும் குழந்தையின் கையில் கறுப்பாக வரையும் டிசைனை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். பிபிடி அதிகமாகக் கலந்த குழம்பு தோலில் மணிக்கணக்கில் கிடக்கும். அந்தக் குழந்தை நாற்பது வயதில் முதல் முறை டை அடிக்கும்போது அது முதல் முறையாக இருக்காது.

நம் நாட்டு டைப் பெட்டிகளில், புருவத்துக்கும் இமைக்கும் போட்டால் பார்வை போகலாம் என்று ஓர் எச்சரிக்கை உண்டு. சும்மா எழுதியது அல்ல. 1933-ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தில் இதே வகைச் சாயம் இருந்தது. பெண்கள் சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். அதைக் கடையிலிருந்து எடுக்கச் சொல்லக்கூட அப்போது அங்கே சட்டம் இல்லை; 1938-ல்தான் வந்தது. இவ்வளவு இருந்தும் புருவத்துக்கு அதே பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுக்காத ஆணை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முகம் கறுத்ததும் அடுத்த கட்டம் மெடிக்கல் ஷாப். "மங்குக்கு ஏதாவது குடுங்க" என்றால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப் கைக்கு வரும். அது நல்ல மருந்துதான்; அளவாக, சில வாரங்களுக்கு, பார்வையில் வைத்துத் தருவது. தோலில் பூசும் பல ஸ்டீராய்டுகளை 2018-ல் மத்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் பவுடர் போல வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் சிவந்து, நரம்பு தெரியும், பரு வரும், பூனைமுடி அடர்த்தியாகும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். டையில் ஆரம்பித்த கருமை ஸ்டீராய்டில் வந்து நின்று, இரண்டையும் நான் சேர்த்து அவிழ்க்க வேண்டியிருக்கும். டையை நிறுத்தாமல் எந்த க்ரீமும் வேலை செய்யாது என்பதை அந்தக் கட்டத்தில் நம்பவைப்பது பெரும்பாடு.

இதைவிட மோசம் பாதரசம். பார்லரிலோ ஆன்லைனிலோ வாங்கிய, தயாரிப்பாளர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத சின்ன டப்பா ஒரே வாரத்தில் சிவப்பாக்கினால் சந்தேகப்படுங்கள். பாதரசம் மெலனின் தயாரிப்பைத் தடுப்பதால் நிறம் சீக்கிரம் மாறும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் 2021-க்கும் 2023-க்கும் இடையே, சிறுநீரகச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் முகத்தில் பூசுவதால் வரும் என்று யார் நினைப்பார்கள்? 'கெமிக்கல் இல்லை' என்று சொல்லித்தான் இவற்றில் பல விற்கின்றன.

எதனால் வந்தது என்று சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட் செய்யலாம். முதுகில் சிறு கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளையும் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். பிறகு ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கும் வேலையும் வேண்டாம். சோதனைக்கு வரும்போது க்ரீமும் சோப்பும் மட்டும் போதாது. பொட்டு அட்டை, குங்குமப் பாக்கெட், டைப் பொடி, தலைக்கு வைக்கும் எண்ணெய், கணவரின் ஷேவிங் லோஷன்வரை ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெயர் தெரியாத டப்பா என்றால் வெட்கப்படாமல் அதையும் எடுத்து வாருங்கள். டெஸ்டில் பிபிடி பாஸிட்டிவ் என்று வந்தால் சீட்டில் எழுதித் தருவோம். அடுத்த முறை பார்லரிலும், பல் மருத்துவரிடமும், மரத்துப்போக ஊசியோ க்ரீமோ தரும் எவரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். பென்சோகைன் போன்ற மரப்பு மருந்துகள் சில, பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.