இழுத்தால் இறுகும், தள்ளினால் கழலும்

ஆனி மாத மழையில் குலசேகரத்தில் இருந்து தக்கலைக்கு வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பைக்கின் இடது கிரிப் கையோடு சேர்ந்து சுழலத் தொடங்கியது. சாலையின் இரு பக்கமும் ரப்பர் தோட்டம், மரத்துக்கு மரம் சிரட்டை. கைக்குள் இருந்த ரப்பர் மட்டும் கைவிட்டுவிட்டது.

பழைய கிரிப்பைக் கழற்ற வொர்க்ஷாப்பில் நானே முயன்றேன். சுழன்றதே தவிர, பலம் கொண்ட மட்டும் இழுத்தும் வெளியே வரவில்லை. மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சிரித்தார். "இழுக்காத மக்கா, உள்பக்கம் இருந்து தள்ளு."

அவர் சொன்னதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் குழாயின் வெளிவிட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். கிரிப்பின் உள்விட்டத்தை அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே செய்கிறார்கள். குழாயில் ஏறும்போது ரப்பர் விரிகிறது. பழைய அளவுக்குத் திரும்பத் துடித்து, குழாயைச் சுற்றி நெருக்குகிறது. அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் பிடிமானம்; பல வண்டிகளில் திருகாணி எதுவும் கிடையாது.

ரப்பரை இழுத்தால் நீளும், ஆனால் அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறாது. நீளத்துக்குப் போனதை அகலத்தில் ஈடுகட்டியாக வேண்டும். நீளம் 10 சதவீதம் கூடினால் விட்டம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். இதைப் பாய்சான் விகிதம் என்பார்கள்: ரப்பருக்கு அது 0.5-க்கு மிக அருகில், எஃகுக்கு 0.3 அளவில். ஆக, நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க கிரிப் ஒல்லியாகி இன்னும் இறுகும். சுவிட்ச் பக்கம் இருந்து வெளியே தள்ளினால் நீளம் குறைந்து, உப்பி, தானே இளகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் இருந்தால் இன்னும் சுலபம். காற்றை இடுக்கில் பாய்ச்சினால் ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே மெத்தை போல நின்று கிரிப்பை மிதக்க வைக்கும்.

சரி, என் கிரிப் ஏன் மழையில் சுற்றியது? முந்தைய முறை சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றியது நானேதான். தண்ணீர் காய்ந்தாலும் சோப்பு உள்ளேயே தங்கிவிடும். மழை நீர் கசிந்ததும் மறுபடி வழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்துக்கு இது ஒத்துவராது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட் நல்லது. ஏற்றும் சில நொடிகளுக்கு வழுக்கி, பிறகு மிச்சமின்றி ஆவியாகிவிடும். (பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும், பிடி தளரும்.

மரத்தில் இருந்து வடியும் பாலை உறைய வைத்து எடுக்கும் ஷீட்டுக்கு இந்தப் பிடிமானம் வராது. வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு இடையே பாலங்கள் விழுகின்றன; அதனால்தான் விரிந்தது திரும்புகிறது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டது இதைத்தான். காலப்போக்கில் வெயிலும் ஓசோனும் அந்த இழைகளை அறுக்கும். விறைப்பாக விரிந்து நிற்கும் ரப்பரில்தான் ஓசோன் வெடிப்பு விழும், அதுவும் இழுவிசைக்குக் குறுக்காக. கிரிப்பில் இழுவிசை சுற்றுவாட்டில் இருப்பதால் வெடிப்பு நீளவாட்டில் ஓடும். உங்கள் வண்டியில் பாருங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்கள் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் கிரிப்பைக் கழற்றியதும் குழாயில் துரு இருக்கிறதா என்று பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஏற்றவும்.

இன்னொன்று: இடதும் வலதும் ஒரே அளவு இல்லை. வலது கிரிப் ஆக்ஸிலேட்டரின் பிளாஸ்டிக் குழல் மேல் உட்காருவதால் அதன் துளை பெரியது. அதை இடதில் மாட்டினால் புத்தம் புதிதாகவே சுற்றும். வலதை மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கிரிப் சுவிட்ச் பெட்டியில் உரசுகிறது. ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நகர்த்துங்கள். தள்ளித்தான்.