உப்புக் காற்றில் ஹைபிரிட் காருக்கு பிளக் வைக்கலாமா?

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரை வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்ட முடியாதா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். இராமநாதபுரத்தில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்பதால் கேள்வி நேரே என்னிடம் வந்துவிடுகிறது. கீழக்கரைப் பக்கம் என்றால் துபாயில் இருக்கும் மகனோ மச்சானோ ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். "டிக்கியில ஒரு பேட்டரி வச்சா பெட்ரோல் பங்க் பக்கமே போக வேணாமாம்ல தம்பி?"

முடியாது என்று சொல்லமாட்டேன். 2004-லேயே கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற குழுவினர் டொயோட்டா பிரியஸ் காரில் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிகளை அடுக்கிச் செய்து காட்டினார்கள். பிறகு 2012-ல் டொயோட்டாவே 4.4 யூனிட் பேட்டரியோடு பிளக்-இன் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஹைபிரிட் காரில் இருக்கிற பேட்டரி ரொம்பச் சின்னது. அந்தக் கால பிரியஸில் 201.6 வோல்ட், கொள்ளளவு சுமார் 1.3 யூனிட்தான். நம் ஊரில் ஓடும் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டில் ஒரு யூனிட்கூடக் கிடையாது. எஞ்சினும் பிரேக்கும் அதை நிரப்பிக்கொண்டே இருப்பதால் அதுவே போதும். மாற்றுகிறவர்கள் இதோடு நாலைந்து யூனிட் பேட்டரி ஒன்றை இணைத்து, ஒரு சார்ஜரும் வைத்து, சார்ஜ் எப்போதும் நிறைய இருப்பதாகக் காரின் கம்ப்யூட்டரை நம்பவைக்கிறார்கள். அது எஞ்சினை எழுப்பாமல் மோட்டாரிலேயே ஓட்டும்.

எவ்வளவு தூரம்? ஐந்து யூனிட்டுக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இராமநாதபுரத்திலிருந்து கிளம்பினால் மண்டபம்கூடப் போய்ச் சேராது. அதுவும் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஒரு சார்ஜுக்கு மிச்சமாவது ஒரு லிட்டரைவிடச் சற்று அதிகமான பெட்ரோல்தான். அதில் கரண்டு பில்லைக் கழிக்க வேண்டும். இந்தப் பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்த கிட்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பயம் செலவு பற்றியது இல்லை, இந்தக் கடற்கரை உப்புக் காற்று பற்றியது. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்துக்குக் காலமெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்ததும் இந்தக் காற்றால்தான்.

இப்படிக் கூடுதல் பேட்டரி வைத்த ஒரு கார் என்னிடம் வந்தது. வெளியூரில் போட்டது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு, ஸ்கேனரில் பி0ஏஏ6 என்ற பழுதுக் குறியீடு. உயர் மின்னழுத்தப் பகுதியிலிருந்து பாடிக்கு மின்சாரம் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். சாதாரண 12 வோல்ட் பேட்டரியில் மைனஸை பாடியோடு இணைத்திருப்பார்கள். ஹைபிரிட் பேட்டரியில் பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியில் படாமல் தனியே நிற்கும். ஒரு இடத்தில் கசிந்தால் உடனே ஷாக் அடிக்காது. இன்னொரு முனையும் கசிந்தாலோ, அந்த முனையில் கை பட்டாலோ இருநூறு வோல்ட் நேராக உடம்பு வழியாகப் போகும்.

ஸ்டெப்னி குழிக்குள் இருந்த பெட்டியைத் திறந்தோம். கம்பெனி போட்ட ஆரஞ்சு கேபிளின் கனெக்டர் ரப்பர் சீலோடு புதுசு மாதிரி இருந்தது. பிறகு சேர்த்த இணைப்பில் சீலே இல்லை, இன்சுலேஷன் டேப்தான். கேபிள் முனையில் இருக்கும் செம்பு லக்கில் பச்சைக் களிம்பு; போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஸ்பேனர் வைத்ததும் கால் சுற்று லேசாகத் திரும்பியது. இறுக்கமில்லாத இணைப்பில் மின்தடை கூடும், சூடு ஏறும். 2008-ல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் இப்படி மாற்றிய ஒரு பிரியஸ் ஓடும்போதே தீப்பிடித்தது. விசாரணையில் போல்ட் இணைப்புகளைச் சரியாகப் பொருத்தாததைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அங்கே வேலைக் குறை. இங்கே நன்றாகவே முடுக்கினாலும் மீதியை உப்பு பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் வீட்டு எர்த். சார்ஜரைச் சொருகினால் காரின் பாடி உங்கள் வீட்டு எர்த்தோடு சேர்கிறது. கடற்கரை வீடுகளில் எர்த் பைப் மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்திருப்பது சகஜம். மேலே பார்த்தால் ஒயர் ஒழுங்காகத்தான் இருக்கும். சார்ஜரில் கசிவு வந்து எர்த்தும் இல்லையென்றால் ஈரத் தரையில் நின்று கார்க் கதவைத் தொடுகிறவர் கதி என்ன? மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எந்தக் காரையும் சார்ஜ் போடக் கூடாது என்பேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மின் கிட்டுகளுக்கு ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலை உண்டு. கிட் விற்பவரிடம் உங்கள் மாடலுக்கான ஒப்புதல் சான்றிதழைக் கேளுங்கள். "அதெல்லாம் பிறகு வாங்கித் தருகிறோம்ணே" என்றால் கிளம்பிவிடுங்கள். ஆர்.சி.யில் பதியாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்குக் காரணம் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரிடம் இன்சுலேஷன் சோதனை செய்யுங்கள். அவர் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறை மாட்டிய பிறகு கை வைக்கிறாரா என்று பாருங்கள். மழையில் டிக்கிக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.