மஞ்சள் பஸ்ஸின் முன்னால் தடுமாறிய கார்

அமெரிக்காவில் பள்ளிக்கூட பஸ்கள் மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும். பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோ பஸ் நின்றதும் மேலே சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும். பக்கவாட்டிலிருந்து 'ஸ்டாப்' என்று எழுதிய எண்கோணப் பலகை ஒன்று கை நீட்டுவதுபோல வெளியே வரும். அது மடங்கும்வரை பின்னால் வரும் வண்டிகள் நிற்க வேண்டும். எதிரே வரும் வண்டிகளும் பொதுவாக நிற்க வேண்டும். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், 2025 ஆகஸ்டில் பள்ளிகள் திறந்த சில மாதங்களுக்குள் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சிகள் இந்த விதியை 19 முறை மீறியதாகப் பள்ளி நிர்வாகம் கணக்குக் கொடுத்தது. பஸ்களில் பொருத்திய கேமராக்களே சாட்சி. நிறுவனம் மென்பொருளைத் திருத்திய பிறகும் மீறல்கள் நிற்கவில்லை. டிசம்பரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு முறைப்படி 'ரீகால்' (குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தல்) அறிவித்து மென்பொருளை மாற்ற வேண்டியதாயிற்று.

நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய மஞ்சள் பஸ் எப்படி அந்தக் காரின் கண்ணில் படாமல் போயிற்று? கண்ணில் பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். கார்கள் வேகத்தைக் குறைத்தன, சில நேரம் நின்றும் பார்த்தன. பிறகு, கிளம்பக்கூடாத நேரத்தில் கிளம்பிவிட்டன. பார்ப்பது வேறு, பார்த்ததற்கு என்ன பொருள் என்று அறிவது வேறு. ஓட்டுநரில்லா டாக்சி ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவது ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது என்பதற்கான விடையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பின்னாளில் வேமோ நிறுவனமாக மாறிய இந்த ஆராய்ச்சியைக் கூகுள் தொடங்கியது 2009-இல். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரப் பகுதியில், முன்சீட்டில் யாருமே இல்லாத காரில் பொதுமக்கள் பயணிக்க 2020 அக்டோபர் ஆகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் எல்லோருக்கும் கதவு திறந்தது 2024 ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸில் அதே ஆண்டு நவம்பரில். அதன் பிறகு வேகம் பிடித்தது: 2025 மார்ச்சில் ஆஸ்டின், ஜூனில் அட்லான்டா. டல்லாஸ், ஹூஸ்டன், மயாமி, டென்வர், லண்டன் என்று அறிவிப்புகள் நீண்டன. முதல் ஊருக்குப் பதினோரு ஆண்டுகள், ஐந்தாவது ஊருக்குச் சில மாதங்கள். காரணம், ஓர் ஊரில் கற்றதில் பெரும்பகுதியைக் கார் அடுத்த ஊருக்கும் எடுத்துச் செல்ல முடிகிறது. மிச்சமிருக்கும் சிறுபகுதிதான் பாடாய்ப் படுத்துகிறது.

எடுத்துச் செல்ல முடிகிறவற்றில் முதலாவது கண்கள். வேமோவின் ஜாகுவார் காரில் 29 கேமராக்கள், 5 லைடார்கள், 6 ரேடார்கள் உண்டு. கூரை மேல் சுழலும் கறுப்புக் குமிழ்தான் பெரிய லைடார். அது லேசர் துடிப்புகளை இடைவிடாமல் வீசி, பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் ஓரடி தூரம் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்கும் சைக்கிளைத் தொட்டுத் திரும்ப 200 நானோ நொடி ஆகும். ஒரு நொடியை 50 லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. இப்படி அளந்த கோடிக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் சுற்றுப்புறத்தின் முப்பரிமாண உருவம் கிடைத்துவிடும், நள்ளிரவிலும்கூட. லைடாருக்கு நிறம் தெரியாது. சிக்னல் சிவப்பா பச்சையா என்று சொல்வது கேமரா. எதிரே வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை நேரடியாக அளப்பதும், மழையிலும் மூடுபனியிலும் கைவிடாததும் ரேடார். ஒன்று தடுமாறும் இடத்தில் இன்னொன்று தாங்கும் ஏற்பாடு இது.

இந்தக் கண்கள் எந்த ஊரிலும் ஒன்றுதான். சாலையோரம் நிற்கும் பெண் குறுக்கே இறங்கப் போகிறாரா, நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கப் போகிறதா என்று ஊகிக்கும் திறமையும் பெரும்பாலும் கூடவே வரும். மனிதர்கள் நடக்கிற விதம் ஊருக்கு ஊர் முழுதாக மாறிவிடுவதில்லை.

மேப் மட்டும் கூடவே வராது. கைபேசியில் நாம் பார்க்கும் மேப் அல்ல இது. நடைபாதையின் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த சிக்னல் விளக்கு எந்தத் தடத்துக்கு உரியது, இடதுபக்கம் திரும்புகிறவர் எதுவரை முன்னேறி நிற்கலாம் என்பதெல்லாம் அதில் சென்டிமீட்டர் கணக்கில் பதிந்திருக்கும். புது ஊரில் முதலில் நடப்பது இந்த வேலைதான். சென்சார்கள் பூட்டிய கார்களை மனிதர்களே ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள்.

ஜிபிஎஸ் இருக்க இது எதற்கு என்று தோன்றலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் மோதி எதிரொலித்து வருவதால் ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகிவிடும். ஒரு தடத்தின் அகலமே மூன்றரை மீட்டருக்குச் சற்று முன்னே பின்னேதான். அந்தப் பிசகில் கார் எதிர்த்தடத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். அதனால் லைடார் இந்த நொடியில் பார்க்கும் உருவத்தை மேப்பில் உள்ள உருவத்தோடு பொருத்திப் பார்த்துத் தன் இடத்தைக் கார் கண்டுகொள்கிறது. பழகிய வீட்டில் இருட்டிலும் சுவரைத் தொட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிறோமே, அதுபோல. வீட்டில் நாற்காலி இடம் மாறியிருந்தால்? நேற்றுவரை இல்லாத பள்ளம் தோண்டி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தால், மேப்பைவிடத் தன் கண்ணை நம்பும்படி காருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றத்தைக் கண்ட கார் மற்ற கார்களுக்கும் தகவல் அனுப்பிவிடும்.

இவ்வளவு நுணுக்கமான மேப்பும் வேண்டாம், லைடாரும் வேண்டாம், கேமராக்களே போதும் என்பது டெஸ்லாவின் வழி. 2025 ஜூனில் அதே ஆஸ்டினில், முன்சீட்டில் ஒரு கண்காணிப்பாளரை உட்காரவைத்து அது சேவையைத் தொடங்கியது. செலவு குறைவு, பரவுவதும் சுலபம். ஆனாலும் உள்ளே உயிர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு மூன்று விதமான கண்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேப் தயாரானதும் பாதுகாப்பு ஓட்டுநர் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருக்க, கார் தானே ஓட்டும். தடுமாறிய ஒவ்வோர் இடத்தையும் கணினிக்குள் மீண்டும் உருவாக்கி, அந்த சைக்கிள் அரை நொடி முன்னால் வந்திருந்தால், மழை பெய்திருந்தால் என்று ஆயிரம் விதமாக மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அடுத்ததாக ஆளில்லாத காரில் நிறுவன ஊழியர்களே ஏறிப் போவார்கள். பொதுமக்கள் ஏறுவது அதற்குப் பிறகுதான். அந்த நாளில் நீங்கள் ஏறினால், காரின் தலையிலுள்ள குமிழில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். கதவைச் சாத்திவிட்டுத் திரையில் தொட்டால், எதிரே யாரும் தொடாத ஸ்டியரிங் மெல்ல வளைந்து கார் தெருவுக்கு இறங்கும்.

வானிலையும் ஊரோடு மாறும். பீனிக்ஸின் எதிரி புழுதிப்புயல், சான் பிரான்சிஸ்கோவின் எதிரி கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி. டென்வரில் பனி பொழியும். தடக்கோடுகளைப் பனி மூடிவிட்டால் மனித ஓட்டுநர்கள் முன்னே போன வண்டியின் சக்கரத்தடத்தையே சாலையாக வைத்துக்கொள்வார்கள். காரும் அதைக் கற்க வேண்டும். சென்சார் கண்ணாடியில் பனி ஒட்டாமல் துடைக்கவும் சூடாக்கவும் வழி வேண்டும்.

இத்தனையும் தாண்டி யாரும் எதிர்பாராத நாள் ஒன்று வரும். 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை. சுமார் 1,30,000 இணைப்புகள் இருண்டன, சிக்னல்களும் அணைந்தன. அணைந்த சிக்னலை நான்கு பக்கமும் 'நில்' பலகை வைத்த சந்திப்பாகக் கருதி, முறை பார்த்துக் கடக்க வேண்டும் என்பது கலிபோர்னியா விதி. கார்களுக்கு அது தெரியும். ஆயிரக்கணக்கான இருண்ட சந்திப்புகளைச் சரியாகவே கடந்தன. ஆனால் சந்தேகம் வந்தால் தொலைவில் இருக்கும் உதவி மையத்தைக் கேட்கும்படியும் அவற்றுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த மையத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதில்லை. கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. ஒரே நேரத்தில் ஊர் முழுவதிலும் இருந்து கேள்விகள் குவிந்தன, பதில் தாமதமானது. கார்கள் சந்திப்பின் நடுவிலேயே விளக்கை மின்னவிட்டு நின்றன, பின்னால் வரிசை நீண்டது. ஒரு காரின் நிதானம் நல்ல குணம்தான். நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் நிதானித்தால் ஊர் ஸ்தம்பித்துப் போகும். தனித்தனிக் கார்களைச் சோதித்தால் மட்டும் இது கண்ணில் படாது.

பள்ளிக்கூட பஸ் விஷயமும் ஏறத்தாழ இப்படித்தான். பஸ் நின்றால் நிற்க வேண்டும் என்பது பீனிக்ஸிலும் சட்டம்தான். ஆனால் அதில் நுணுக்கங்கள் உண்டு. டெக்சஸில் நடுவே தடுப்புச்சுவர் இருந்தால் எதிரே வருபவர் நிற்கத் தேவையில்லை. நடுவில் திரும்புவதற்கான தடம் மட்டும் இருந்தால் நின்றாக வேண்டும். அட்லான்டாவிலும் ஒரு வேமோ கார் இதேபோல் நின்ற பஸ்ஸைக் கடந்து சிக்கியது. அது தெருவோர வாசலிலிருந்து பஸ்ஸின் முன்னால் வெளிவந்தது. அந்தக் கோணத்தில் விளக்கும் பலகையும் அதற்குத் தெரியவில்லை என்றது நிறுவனம். அப்படி ஒரு மஞ்சள் உருவம் வழியை மறித்து நின்றால், பலகை தெரியாவிட்டாலும் மறுபக்கம் ஒரு பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கலாம் என்று மனித ஓட்டுநர் யோசிப்பார். அந்த யோசனையைக் காருக்குள் வைப்பதுதான் பாக்கி இருக்கும் வேலை.

லண்டனில் நிலைமை வேறு. நம்மூரைப் போல அங்கே இடதுபக்கப் போக்குவரத்து. நின்ற பள்ளிக்கூட பஸ்ஸுக்காக மற்ற வண்டிகள் நின்றாக வேண்டும் என்ற சட்டமே அங்கே இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். லண்டனில் சிவப்பு என்றால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. வரிக்குதிரைக் கோடுகளில் ஒருவர் காலை வைத்துவிட்டால், சிக்னல் எதுவும் இல்லாவிட்டாலும் வண்டி நின்று வழிவிட வேண்டும். கோட்டின் இரு முனைகளிலும் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் மேல் மஞ்சள் உருண்டை ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருக்கும். அமெரிக்கத் தெருக்களில் பழகிய கார் அந்த உருண்டையை அங்கேதான் முதன்முதலில் பார்க்கும்.