இரை பெட்டியிலேயே கெட்டுப்போகிறது

என்னோடு தூண்டில் போட வந்த ஒருவர் தன் இரைப்பெட்டியைத் திறந்து காட்டினார். காலையில் வாங்கிய இறால், நல்ல இறால்தான். ஆனால் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரிலேயே நான்கு மணி நேரமாக மிதந்துகொண்டிருந்தது. தலை கறுத்திருந்தது. ஓடு உடம்பை விட்டு நழுவியது. சதையை விரலால் அழுத்தினேன், அழுத்திய குழி அப்படியே நின்றது. "இந்த இடத்துல மீனே இல்ல சார்" என்றார். இருபதடி தள்ளி நின்றவர் அப்போதுதான் மூன்றாவது மீனை இழுத்துக்கொண்டிருந்தார்.

கரையிலும் சிறு படகிலும் ஆட்களை அழைத்துப் போய்த் தூண்டில் போடக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ராடு, ரீல், தூண்டில் நரம்பு பற்றி மணிக்கணக்கில் கேட்பவர்கள்கூட இரையைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "எதைப் போட்டா கடிக்கும்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். அந்த இடத்து மீன் அன்றாடம் எதைத் தின்கிறதோ அதைப் போடுங்கள், அது கெடுவதற்கு முன் போடுங்கள். இதில் பிந்தைய பாதியில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

மீனின் முகத்தில் இருக்கும் சிறு துவாரங்கள் மூச்சு விடுவதற்கு அல்ல, முகர்வதற்கு. இறால், கணவாய், மத்தி ஆகியவற்றின் சதையில் உள்ள அமினோ அமிலங்கள் நீரில் கரைந்து, நீரோட்டத்தோடு வால்போல நீண்டு போகின்றன. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் மீன் தூண்டிலைத் தேடி வருகிறது. கெளிறு போன்ற மீன்களுக்கு மீசையிலும் தோலிலும்கூடச் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. இப்போது அந்த ஐஸ் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கடலுக்குள் கசிய வேண்டியதெல்லாம் நான்கு மணி நேரமாகப் பெட்டிக்குள்ளேயே கசிந்துவிட்டது. நன்னீர் சதைக்குள் ஏறி அதை ஊதி மென்மையாக்கிவிட்டது. தூண்டில் முள்ளில் மாட்டிய இரை, வீசும்போதே பாதி பிய்ந்து போகிறது. மீதி வெறும் சக்கை.

இதைத் தவிர்ப்பது பெரிய வித்தை இல்லை. இரையைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வையுங்கள். அதைவிட எளிது, பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து அவற்றையே ஐஸாகப் பயன்படுத்துவது. உருகினாலும் தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே இருக்கும். பெட்டியை நிழலில் வைத்து, அடுத்த அரைமணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். ஒருமுறை உருகிய இரையை மறுபடி உறையவைக்காதீர்கள். உறையும்போது சதைக்குள் உருவாகும் பனித்துகள்கள் திசுக்களைக் கிழிக்கின்றன. இரண்டாவது முறை உருகும்போது அது கூழாகத்தான் இருக்கும். வீட்டில் உறையவைப்பதாக இருந்தால் ஒரு தடவைக்கு ஆகும் அளவு பிரித்துச் சிறு சிறு பொட்டலமாக வைப்பது நல்லது.

புதியதா என்று பார்க்கக் கண்ணும் விரலும் மூக்கும் போதும். மீனுக்குக் கண் தெளிவாக, சற்றே துருத்தி இருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். கணவாயின் தோலில் புள்ளிகள் பளிச்சென்று இருக்கும். நாளாக நாளாகச் சதை இளஞ்சிவப்பாக மாறிவிடும். இறாலில் தலை கறுப்பது நொதிகளால் நடப்பது. லேசான கறுப்பு மட்டும் என்றால் பயன்படுத்தலாம். தலை தொங்கி, கழுத்து இளகியிருந்தால் வேண்டாம். "நாறினாதான் நல்லாக் கடிக்கும்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாறிய இரைக்கு முதலில் வருவது நண்டு. அடிமட்டத்தில் அழுகலைத் தின்னும் சில மீன்களும் எடுக்கும். துரத்தி வேட்டையாடும் மீன்களை அதை வைத்துப் பிடித்தவர்களை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

எந்த இரை என்ற கேள்விக்கு வருகிறேன். இறாலை மறுக்கும் கடலோர மீன் குறைவு. அதனால்தான் சின்ன மீன்களும் அதைக் கொத்தித் தீர்க்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் முள்தான் திரும்பி வருகிறது என்றால் கணவாய்க்கு மாறுங்கள். கணவாய்ச் சதை ரப்பர்போல முள்ளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூராகவும் இருக்கும்படி நீள நாடாவாக வெட்டி, அகல முனையில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் குத்தினால் நீரோட்டத்தில் வாலாட்டும். மத்தி எண்ணெய் மிகுந்தது, மணம் தூரம் போகும், ஆனால் மிக மென்மை. மட்டிச் சதையும் அப்படித்தான். இரண்டையும் இழுத்தால் நீளும் மெல்லிய மீள்நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டாமல் வீசவே கூடாது. புழு இருக்கும் சேற்றுக்கரையில் புழுவுக்கு நிகரில்லை, ஆனால் சில கடல்புழுக்கள் கடிக்கும். ரத்தப்புழு என்று விற்கப்படும் இனம் தன் தாடையால் நஞ்சையே செலுத்தும், தேனீ கொட்டியதுபோல எரியும். தலைப்பக்கத்தை விட்டுப் பிடியுங்கள். அப்போதுதான் தன் ஓட்டைக் கழற்றிய மெத்தென்ற நண்டு கிடைத்தால் அன்றைக்கு வேறு இரையைத் தேட வேண்டாம்.

உப்பிடுவது பழைய முறை, இன்றும் என் பெட்டியில் உண்டு. மீன் துண்டுகளையும் உரித்த இறாலையும் கல்லுப்பில் புரட்டி ஓரிரவு வைத்து, ஊறிவரும் நீரை வடித்துவிட்டால் சதை தோல்போல இறுகிவிடும். மணம் கொஞ்சம் குறையும். ஆனால் நீரோட்டம் வேகமாக இருக்கும் நாளில் முள்ளில் நிற்கும் இரைதான் இரை.

முள்ளில் மாட்டுவதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். முள்ளின் நுனி வெளியே தெரிந்தால் மீன் பார்த்துவிடும் என்று பயந்து, இரையை உருண்டையாகத் திணித்து நுனியை மூடிவிடுகிறார்கள். மீன் வாயில் எடுக்கும்போது குத்துவதற்கு நுனியே இல்லை. இரை பெரியதாக இருக்கட்டும், சின்னதாக இருக்கட்டும், நுனியும், நுனிக்கும் முள்ளின் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் விடுபட்டிருக்க வேண்டும். இரண்டாவது, நேராக மாட்டுங்கள். இறாலின் வால்விசிறியைக் கிள்ளி எறிந்துவிட்டு, வால் பக்கமிருந்து முள்ளை நுழைத்து, உடலின் வளைவோடு ஓட்டி, வயிற்றுப் பக்கமாக வெளியே எடுங்கள். கோணலாக மாட்டிய இரை, சுருட்டி இழுக்கும்போது பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். கடலில் இறால் அப்படிச் சுழன்றுகொண்டே நீந்துவதில்லை.

உயிர் இறாலுக்கு வேறு வழி. தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் இறால் அப்போதே செத்துவிடும். அதற்கு முன்னால், தலையில் முன்னால் நீட்டியிருக்கும் கொம்பின் அடியில், ஓட்டை மட்டும் பிடித்தாற்போல் குத்துங்கள். வெகு நேரம் உதைத்துக்கொண்டிருக்கும். உயிர்மீன் என்றால் நீரோட்டம் பலமான இடத்தில் இரண்டு உதடுகளையும் சேர்த்தும், அமைதியான இடத்தில் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் முதுகெலும்பில் படாமலும் குத்தலாம். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள். மேலே இருக்கும் வழுவழுப்பு போனால் அது நெடுநேரம் தாங்காது. வாளியில் அதிகம் அடைக்கவும் வேண்டாம். வெப்பமான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. பத்து மீன் சாவதைவிட நான்கு மீன் துள்ளுவது மேல்.

இயற்கை இரையில் ஒரு சங்கடம் உண்டு. மீன் அதை விழுங்கிவிடுகிறது. சிறு மீனைத் திருப்பி விடலாம் என்று பார்த்தால் முள் குடலுக்குள் இருக்கும். இதற்குத்தான் சர்க்கிள் ஹூக் எனப்படும் வட்ட முள். நுனி தண்டை நோக்கி உள்வாங்கி வளைந்திருப்பதால் தொண்டையில் மாட்டாமல் வழுக்கி வந்து, பெரும்பாலும் வாயின் ஓரத்தில் குத்தி நிற்கும். ஒரே நிபந்தனை, கடித்தவுடன் ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும்வரை பொறுத்து மெதுவாகச் சுருட்ட வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஸ்டிரைப்டு பாஸ் மீனுக்கு இயற்கை இரையோடு தூண்டில் போடுபவர்கள் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று 2021 முதல் விதியே வந்துவிட்டது. விதி இல்லாத இடத்திலும் நான் இதைத்தான் கொடுக்கிறேன். முள்ளை விழுங்கிவிட்டிருந்தால் தோண்டாதீர்கள். நரம்பை வாயருகே வெட்டி விடுவதே மீன் பிழைக்க நல்ல வழி.

போட்ட இரையை மறந்துவிடுவது இன்னொரு தவறு. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுருட்டிப் பாருங்கள். வெளுத்துப்போயிருந்தால் மாற்றுங்கள். கலங்கிய நீரில் மணம்தான் வேலை செய்யும் என்பதால் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். தெளிந்த நீரில் அசைவும் அளவும் முக்கியம். இரை சிறியதாக, நரம்பு மெல்லியதாக இருக்கட்டும். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீர் ஓடுகிறது, மணமும் ஓடுகிறது. நீர் அசையாமல் நிற்கும் இடைவேளையில் எவ்வளவு நல்ல இரை போட்டாலும் மணம் அங்கேயே தேங்கிக்கிடக்கும். அப்போது நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

இரையைக் கரையிலேயே சேகரிப்பவர்கள் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். அலை பின்வாங்கும் இடத்தில் பின்பக்கமாக மணலுக்குள் புதையும் சிறு நண்டு, சேற்றுப்புழு, மட்டி எல்லாம் கிடைக்கும். தோண்டிய குழியை மூடுங்கள், புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதன் அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்து சாகும். வயிற்றில் முட்டைக்கொத்தோடு இருக்கும் நண்டை விட்டுவிடுங்கள்.

இனிச் சொல்வதை வலியுறுத்தியே சொல்கிறேன். ஒரு கடலின் இரையை இன்னொரு கடலில் போடாதீர்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவின் தென்கரையில் மத்தி இன மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. 1998-இல் மறுபடியும். செவுளைத் தாக்கும் ஒரு ஹெர்பீஸ் வைரஸ்தான் காரணம் என்று தெரியவந்தது. சூரை வளர்க்கும் கூண்டுகளுக்குத் தீவனமாக இறக்குமதியான உறைந்த மத்தியோடு அது வந்திருக்கலாம் என்ற சந்தேகம் இன்னும் நீங்கவில்லை. 2016 இறுதியில் அதே நாட்டின் குவீன்ஸ்லாந்தில், லோகன் ஆற்றோரப் பண்ணைகளில் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நோய் வெடித்தது. அந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் உறையவைத்தாலும் சாகாது. சாப்பிட விற்கும் இறாலை இரையாகப் போடாதீர்கள் என்று அங்கே தூண்டில்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கிருந்தோ வந்த பச்சை இறாலை வாங்கிக் கடலில் எறிவது நம் ஆட்கள் சாதாரணமாகச் செய்வது. அது எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று எறிகிறவருக்குத் தெரியாது. அதே நீரில் பிடித்த இரைதான் பாதுகாப்பு, கடிக்கவும் அதுதான் கடிக்கும். புழுவோடு பொட்டலத்தில் வரும் கடற்பாசியையும் நீரில் கொட்டாதீர்கள். அதில் நத்தைக்குஞ்சும் நண்டுக்குஞ்சும் ஒளிந்திருக்கும். மிஞ்சிய இரை, வாளித் தண்ணீர், பை எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. கட்டி எடுத்துவந்து குப்பையில் போடுங்கள்.

கடைசியாகக் கை. என்னோடு வந்த ஒருவருக்கு இறாலின் கொம்பு கட்டைவிரலில் குத்தியது. கடுகளவு காயம். சட்டையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மறுநாள் காலை மணிக்கட்டுவரை வீங்கிச் சிவந்து, காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். நல்லவேளை, சீக்கிரம் போனதால் சரியானது. அன்றிலிருந்து படகேறும் முன்பே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். வெப்பமான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிரிகள் சிறு கீறல் வழியாகவே நுழைந்துவிடும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்களுக்கு ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். இரை வெட்டக் கையுறை போடுங்கள். ஏற்கெனவே காயம் இருந்தால் நீர் புகாதபடி மூடுங்கள். குத்தியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். கெளிற்று மீனின் துடுப்பு முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள், வலி அடங்கும். சிவப்பு பரவினாலோ, கொப்புளம் எழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போனதும் முதல் வார்த்தையாக "கடல்ல இரை வெட்டும்போது குத்திச்சு" என்று சொல்லுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்த ஒரு தகவல் மாற்றிவிடும்.