நோட்டா முதலிடம் பிடித்தாலும் மறுதேர்தல் வராது

தேர்தல் முடிவு வந்த சில நாட்களில் என் அலுவலகத்துக்கு ஒரே கேள்வியோடு ஆட்கள் வருவது வழக்கமாகிவிட்டது. கடைசியாக வந்தவர்கள், சாயக்கழிவால் கிணற்று நீர் கெட்டுப்போன நொய்யல் கரையோரத்து ஊர் ஒன்றின் இளைஞர்கள். வாக்குச்சாவடி வாரியாக முடிவைக் காட்டும் 20-ஆம் படிவத்தின் நகலில், தங்கள் சாவடிக்கு எதிரே இருந்த நோட்டா ('எந்த வேட்பாளருக்கும் இல்லை' என்ற பொத்தான்) எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். "ஏனுங்க வக்கீலய்யா, எங்க பூத்துல நோட்டாதானுங்க முதலிடம். கேஸ் போட்டா மறுதேர்தல் வருமுங்களா?" என்றார் அவர்களில் மூத்தவர். வராது என்று நான் சொன்னபோது அவர்கள் முகம் வாடியதைப் பார்த்த பிறகும் இதை எழுதாமல் இருப்பது சரியல்ல.

நோட்டா அதிகம் விழுந்தால் தேர்தல் ரத்தாகும், நின்றவர்கள் மீண்டும் போட்டியிட முடியாது என்று ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முற்றிலும் பொய். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியாகும் வாக்குகளுள் யாருக்கு அதிகமோ அவரே வெற்றி பெற்றவர். நோட்டா அந்தக் கணக்கிலேயே சேராது. ஒரு தொகுதியில் நோட்டா ஒரு லட்சமும், முதல் வேட்பாளர் நூறு வாக்கும், அடுத்தவர் தொண்ணூற்றொன்பதும் பெற்றாலும் நூறு பெற்றவரே உறுப்பினர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,000-க்கும் அதிகமான வாக்குகள் விழுந்து அது இரண்டாம் இடத்தில் நின்றது. வெற்றி பெற்றவருக்கு அதனால் ஒரு சங்கடமும் நேரவில்லை. நம் ஈரோடு கிழக்கில் 2025 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் நோட்டா மூன்றாம் இடம் பிடித்ததும் அப்படித்தான் செய்தியாக வந்து போயிற்று.

இன்னொன்றையும் இந்தச் செய்திகள் சொல்வதில்லை. வேட்பாளர் மனுவோடு கட்டும் பிணைத்தொகையான டெபாசிட்டைத் திரும்பப் பெற, செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். பதிவான 1,80,000 வாக்குகளும் வேட்பாளர்களுக்கே விழுந்திருந்தால் தாண்ட வேண்டிய வரம்பு 30,000. அவற்றில் 6,000 நோட்டாவுக்குப் போனால் அது 29,000 ஆகக் குறைகிறது. ஆக, யாரைத் தண்டிக்க நினைத்து அந்தப் பொத்தானை அழுத்தினீர்களோ அவருக்கே டெபாசிட்டைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கலாம்.

2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டாவை வழங்கியது வாக்காளரின் இரகசியத்துக்காக. அதற்கு முன் வாக்களிக்க விரும்பாதவர் 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அலுவலரிடமே அதைச் சொல்லிப் பதிய வேண்டியிருந்ததால், அங்கிருந்த முகவர்கள் அனைவருக்கும் அது தெரிந்துவிடும். இந்தப் பாதுகாப்பு மதிப்புள்ளதுதான். ஆனால் வேட்பாளரை நிராகரிக்கும் அதிகாரம் இதில் இல்லை.

எதிர்ப்பைக் காட்டிய பெருமை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் திரண்டு மனுத்தாக்கல் செய்ததில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தி, அங்கீகரிக்கப்படாத கட்சியினரும் சுயேச்சைகளும் பத்துப் பேரின் முன்மொழிவோடு வர வேண்டும் என்றாக்கியது. விதி அப்படியே இருக்கும்வரை அதற்குள் நின்று காட்டும் கோபம் எண்ணிக்கையாக மட்டுமே பதிவாகும் என்பதை நாம்தான் முதலில் உணர்ந்திருக்க வேண்டும்.

விதியை மாற்ற முடியாதா என்றால், முடியும். ஹரியானாவின் மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு நோட்டாவை ஒரு கற்பனை வேட்பாளராகவே கருதி, அது முதலிடம் பெற்றால் மறுதேர்தல் என்று அறிவித்தது. சட்ட ஆணையமோ 2015-இல் தந்த 255-ஆம் அறிக்கையில் நிராகரிக்கும் உரிமையைப் பரிந்துரைக்கவில்லை. என் கருத்தில், நோட்டாவைவிட முக்கியமானது வெற்றியை அளக்கும் முறை. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குப் பெற்ற ஒரு கட்சிக்கு 39-இல் 37 இடங்கள் கிடைத்தன. 23 விழுக்காட்டுக்கும் மேல் பெற்ற இன்னொரு கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறார். கடைசியில் இருப்பவரை நீக்கி அவரது வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போய், பாதிக்கு மேல் பெறுபவரே வெல்கிறார். இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

எனவே, ஊர்க்கூட்டம் போட்டு "எல்லோரும் நோட்டாவுக்குப் போடுங்கள்" என்று முடிவெடுக்கும் பெரியவர்களே, மறுதேர்தல் வரும் என்று சொல்லி யாரையும் நம்ப வைக்காதீர்கள். வந்த செய்தியைச் சரிபார்க்காமல் அனுப்பும் தம்பிகளே, தயவுசெய்து நிறுத்துங்கள். முறைகேட்டுக்கு ஆதாரம் இருந்தால் முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். 46-ஆம் நாள் வந்தால் எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது. நோட்டா எண்ணிக்கை அதற்கான காரணங்களில் ஒன்றல்ல. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று தண்ணீரைக் காட்டுங்கள். என்ன செய்வார், எப்போது செய்வார் என்று எழுதி வாங்குங்கள். நிராகரிக்கும் உரிமைக்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பாரா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.