விமான தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே தவறுகிறது?

இரண்டு நகரங்களின் பெயரைப் போட்டுத் தேடினால், இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று உடனே விடை வந்துவிடும். அதை நம்பி அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தத் தூரம், உருண்டையான பூமியின் மேல் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். டிக்கெட்டிலோ போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்ப ஏழு. வடஅட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று பலமாகத் தள்ளியதில், நியூயார்க்கில் கிளம்பிய ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டது. இது தவிர, டிக்கெட்டில் இருக்கும் நேரம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த கேட்டில் நிற்பது வரை. ரன்வேக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

வான்வெளி மூடப்பட்டால் கணக்கே மாறிவிடும். 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. தேடலில் வரும் கிலோமீட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது!

டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். இரண்டையும் யுடிசி (UTC) எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழிப்பதே பாதுகாப்பு. குளிர்காலத்தில் நியூயார்க்கில் 19:00 என்றால் யுடிசி நள்ளிரவு 00:00. லண்டனில் மறுநாள் 07:00 என்றால் யுடிசியும் 07:00. ஆக, ஏழு மணி நேரம். மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கோடைக்காலத்துக்காக அமெரிக்கா இரண்டாவது ஞாயிறும் ஐரோப்பா கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதால், இடைப்பட்ட வாரங்களில் இரு ஊர்களுக்கும் வேறுபாடு ஐந்து மணி அல்ல, நான்குதான்.

நள்ளிரவு விமானங்களில் தேதியை இரண்டு முறை பாருங்கள். 15-ஆம் தேதி 00:40 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் பணமும் திரும்பக் கிடைக்காது. வருகை நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் +1 மறுநாளைக் குறிக்கிறது. ஹோட்டல் அறையை அந்தத் தேதிக்குத்தான் போட வேண்டும்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்கள் இருந்து, முதலாவது தாமதமானால் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் எல்லாம் உங்கள் தலையில். இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். இதற்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்காதீர்கள். டிக்கெட்டில் விமான நிலையத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். டோக்கியோவில் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி ஹனேடா விமான நிலையத்தில் ஏற வேண்டியிருந்தால், சாலையிலோ ரயிலிலோ மட்டும் ஒன்றரை மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும்.