கார்டீனியாவின் மஞ்சள் துளிர்கள்

வீட்டுக்குள் ஜன்னலோரத் தொட்டியில் வளரும், மணமுள்ள வெள்ளைப் பூச்செடியான கார்டீனியாவின் துளிர் இலைகள் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாகவே நிற்கின்றன. உடனே உரத்தை அள்ளிப் போடுவது வீண் வேலை. தொட்டி மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போவதன் அடையாளமே பெரும்பாலும் இந்த மஞ்சள்.

பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். முதிர்ந்த இலையில் சேர்ந்துவிட்ட இரும்பு துளிருக்கு எளிதில் நகராது. அதனால்தான் குறைபாடு துளிரில் முதலில் தெரிகிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

கார்டீனியா, அசேலியா, கமேலியா ஆகிய பூச்செடிகள் பிஎச் 5 முதல் 6 வரையுள்ள அமில மண்ணுக்குப் பழகியவை. (பிஎச் என்பது அமில-கார அளவுகோல்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்.) பிஎச் ஒரு படி ஏறினால், நீரில் கரைந்திருக்கக்கூடிய ஃபெரிக் இரும்பின் (மண்ணில் பெரும்பாலும் காணப்படும் இரும்பு வடிவம்) அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சரிகிறது. மிச்சம் துருப்போல் மண்ணில் படிந்துவிடும். வேர் சும்மா இருப்பதில்லை. அமிலத்தைச் சுரந்து, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி உறிஞ்சப் பார்க்கிறது. ஆனால் நாம் ஊற்றும் ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள் அந்த அமிலத்தை முறித்துவிடுகிறது. தொட்டியில் மண் கொஞ்சம். வீட்டுக்குள் மழையும் படாது. ஊற்ற ஊற்றக் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரை. மழைநீர் மிகச் சிறந்தது, ஆர்.ஓ. நீரும் நல்லது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உப்பும் பைகார்பனேட்டும் செறிந்த அந்த நீரை இந்தச் செடிகளுக்குத் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

உரத்திலும் கவனம் வேண்டும். அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் அமிலத்தை வெளிவிடும். நைட்ரேட்டை உறிஞ்சினால் சுற்றுப்புறம் காரமாகும். அதனால் அம்மோனியம் சல்பேட்டை மிகக் குறைந்த அளவில் நீரில் கரைத்து, செடி துளிர்க்கும் காலத்தில் மட்டும் கொடுக்கலாம். மண் ஏற்கெனவே காரமாகிவிட்டதென்றால் செலேட் இரும்பு, அதாவது மண்ணில் படிந்துவிடாமல் ஒரு கரிமச் சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு, உதவும். இதில் வகை முக்கியம்: இடிடிஏ (EDTA) செலேட் பிஎச் 6.5-ஐத் தாண்டினால் இரும்பைக் கைவிடத் தொடங்கும். இடிடிஎச்ஏ (EDDHA) செலேட் பிஎச் 9 வரையிலும் தாங்கும்.

மண்ணை அமிலமாக்கக் காபித் தூளை நம்ப வேண்டாம். டிகாக்‌ஷன் இறக்கியபின் மிஞ்சும் சக்கையில் அமிலம் மிகக் குறைவு.

மலைப்பகுதிகளிலும் குளிர்நாடுகளிலும் இன்னொரு காரணமும் உண்டு. வேர்ப்பகுதி குளிர்ந்தால், மண் சரியாக இருந்தாலும் கார்டீனியா இரும்பை எடுக்கத் திணறும். அங்கே உரத்துக்கு முன், தொட்டியைச் சில்லென்ற தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.